நர்சிங் படிப்பு: கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 30,000 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாமா?

இர்விங் அப்பா

எல்லாருக்கும் வணக்கம். மகள் இந்த ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகிறாள். நர்சிங்தான் என்பதில் உறுதியாக இருக்கிறாள். கையில் மூன்று சேர்க்கைக் கடிதங்கள் இருக்கின்றன. முதல் இரண்டின் பெயரைப் போட்டால் எங்கள் சபையில் பாதிப் பேருக்கு நான் யாரென்று தெரிந்துவிடும். அதனால் அ, ஆ என்றே எழுதுகிறேன்.

அ: டெக்சாஸில் பெரிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000. மெரிட் உதவித்தொகை 34,000 போக, கட்ட வேண்டியது 46,000. நர்சிங்கில் நேரடி இடம், அதாவது முதலாண்டிலேயே இடம் உறுதி.

ஆ: மத்திய மேற்கில் சிறிய கிறிஸ்தவக் கல்லூரி. 54,000இல் 26,000 கழித்து 28,000. அங்கும் நேரடி இடம்.

மூன்றாவது, ஆர்லிங்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம். வீட்டிலிருந்து போய்வந்தால் பெட்ரோல் உட்பட 16,000 ஆகும். ஆனால் நர்சிங் இடம் இப்போது கிடையாது. முன்பாடங்களை முடித்து, அந்த மதிப்பெண்ணோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

மனைவிக்கும் மாமியாருக்கும் அ-தான் பிடித்திருக்கிறது. மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டும். விசுவாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பணக்கணக்கை மட்டும் யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?

நாசரேத்துக்காரன்

தம்பி, விசுவாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிறிஸ்தவக் கல்லூரியின் மதிப்பைக் கேட்டால் எப்படி? அதற்காகத்தானே அங்கே அனுப்புகிறோம். பதினெட்டு வயதுப் பிள்ளை முதன்முதலாக வீட்டை விட்டுப் போகிறது. யாரோடு பழகுகிறது, ஞாயிற்றுக்கிழமை எங்கே இருக்கிறது, இதற்கெல்லாம் டாலரில் கணக்குப் போட முடியாது. என் இரண்டு பிள்ளைகளும் அப்படிப்பட்ட இடத்தில்தான் படித்தார்கள். இருவருக்கும் திருமணமே அங்கே கிடைத்த நட்பு வட்டத்தில்தான் அமைந்தது.

கணக்கர்75

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் கேட்டது பணக்கணக்கு. அதைப் போட்டுவிடுவோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் அ-வுக்கு 46,000 பெருக்கல் 4, அதாவது 1,84,000. உண்மையில் அப்படி வராது. பட்டியல் விலை ஆண்டுதோறும் ஏறும், உதவித்தொகை மட்டும் 34,000இலேயே நிற்கும். ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏற்றம் என்று வைத்துப் பாருங்கள்:

முதலாண்டு 80,000, கட்டுவது 46,000
இரண்டாம் ஆண்டு 83,200, கட்டுவது 49,200
மூன்றாம் ஆண்டு 86,528, கட்டுவது 52,528
நான்காம் ஆண்டு 89,989, கட்டுவது 55,989

மொத்தம் 2,03,700 டாலர். பட்டியல் விலை 12 விழுக்காடுதான் ஏறியிருக்கும், உங்கள் பையிலிருந்து போவது 22 விழுக்காடு ஏறியிருக்கும். கடிதத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். உதவித்தொகை நான்கு ஆண்டுக்கும் நிலையான தொகையா, விழுக்காடா, எந்த ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) அளவுக்குக் கீழே போனால் பறிபோகும் என்று அங்கேதான் இருக்கும். நர்சிங்கில் இரண்டாம் ஆண்டு உடற்கூறியல், உடலியங்கியல் பாடங்களில் நல்ல பிள்ளைகளுக்கும் மதிப்பெண் சரியும் என்பதை மறக்க வேண்டாம்.

நிதியுதவி மேசை

நான் ஒரு தனியார் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

அந்த 34,000ஐ உங்கள் மகளுக்கென்று தனியாகக் கிடைத்த பரிசு என்று எண்ணி உருக வேண்டாம். இந்நாட்டில் இலாப நோக்கற்ற தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவருக்குக் கொடுக்கும் சராசரித் தள்ளுபடியே பட்டியல் கட்டணத்தில் பாதிக்கு மேல். தி. நகரில் ஆடி மாதம் விலைச்சீட்டை மாற்றி ஒட்டி, அதன்மேல் பாதித் தள்ளுபடி எழுதுவார்களே, அதே வேலைதான். முழு விலை கட்டுகிறவர்கள் மிகச் சிலரே.

இதில் நம்மவர்களுக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் ஐ.டி.யில் இருக்கும் குடும்பத்துக்கு வருமான அடிப்படை உதவி கிடைப்பது அரிது. நோத்ர டேம் போன்ற பெருஞ்செல்வக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், தேவை உள்ளவருக்குக் கடனே இல்லாமல் உதவுவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் உங்கள் வருமானத்தில் 'தேவை' இல்லை என்று கணக்கு வந்துவிட்டால் அங்கே ஏறத்தாழ முழு விலைதான். பணம் குறைந்த சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகள் அப்படி இல்லை. இருக்கையை நிரப்ப மெரிட் என்ற பெயரில் விலையைக் குறைப்பார்கள். அதனால் பெரிய பெயர்களை விட்டு ஆ போன்றவற்றைப் பார்த்தீர்களே, அது நல்லது.

டெக்சாஸ் வாசிகளுக்கு டி.இ.ஜி. என்று ஒரு மாநில உதவி இருக்கிறது. மாநிலத்துக்குள் இருக்கும் தனியார் கல்லூரிக்கு மட்டும்தான், அதுவும் தேவை நிரூபிக்கப்பட்டவர்களுக்கு. ஆ-வுக்கு அது செல்லாது.

எச்4 அம்மா

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பையன் இன்னும் எச்4 விசாவில்தான் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறான். ஃபாஃப்சா, அதாவது கூட்டரசின் நிதியுதவி விண்ணப்பம், போடவே முடியாதாமே? எங்களுக்குக் கிறிஸ்தவக் கல்லூரிகள் எதுவும் தருமா?

நிதியுதவி மேசை

அக்கா, கூட்டரசின் உதவியும் கடனும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ள மாணவருக்குத்தான் (அகதி போன்ற சில வகைகள் தவிர). ஆனால் கல்லூரி தன் கையிலிருந்து தரும் மெரிட் தள்ளுபடிக்குப் பெரும்பாலும் விசா தடையில்லை. கூட்டரசு உதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையத்தளத்தில், தள்ளுபடி போகக் கட்ட வேண்டியதைக் காட்டும் நிகரக் கட்டணக் கணிப்பான் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். விண்ணப்பிப்பதற்கு முன்பே அதில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். விசா விவரத்தைத் தனியாக மின்னஞ்சலில் கேளுங்கள், ஏனென்றால் அந்தக் கணிப்பான் பெரும்பாலும் எல்லாரையும் குடியுரிமை உள்ளவராகவே எடுத்துக்கொள்ளும்.

தாம்பரம் 91

நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. ஊரில் கிறிஸ்தவக் கல்லூரி என்றால் கட்டணம் குறைவு, தரம் அதிகம். எம்.சி.சி.யில் அரசு உதவிபெறும் பிரிவில் நான் கட்டிய கட்டணத்தை இங்கே யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தது, நல்ல பெயரை மிஷனரிகள் கொடுத்தார்கள். அமெரிக்காவில் அந்த அரசு மானியம் கிடையாது. இங்கே கட்டணமே வருமானம். ஆகவே சிலுவை இருக்கிறது என்பதற்காக விலை நியாயமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. கென்டக்கியில் பிரியா கல்லூரி 1892 முதல் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை, மாணவர்கள் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். மிசௌரியில் காலேஜ் ஆஃப் தி ஓசார்க்ஸ் அதே பாணி. வாரத்துக்கு 15 மணி நேர வேலை, நர்சிங் படிப்பும் இருக்கிறது. ஆனால் அங்கே இடங்கள் பெரும்பாலும் வசதி குறைந்த குடும்பங்களுக்கு. யூட்டாவில் பிரிகாம் யங் இன்னொரு விதம். மார்மன் சபை தசமபாகப் பணத்திலிருந்து தாங்குவதால் சபையாருக்கு ஆண்டுக் கட்டணம் 2025-26இல் 7,000 டாலருக்குள் அடங்கியது. மற்றவருக்கு அதைப்போல இருமடங்கு, அதுவும் மலிவுதான்.

நாசரேத்துக்காரன்

மார்மன்களைக் கிறிஸ்தவப் பட்டியலில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

தாம்பரம் 91

ஐயா, கட்டணப் பட்டியலில்தான் சேர்த்தேன்.

வேலூர் செவிலி

நான் சி.எம்.சி.யில் படித்துவிட்டு டாலஸில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது.

அண்ணா, எங்கள் வார்டுக்கு வரும் புதியவர்களில் 80,000 டாலர் கல்லூரியில் படித்தவளும் இருப்பாள், சமுதாயக் கல்லூரியான டாலஸ் காலேஜில் இரண்டாண்டு படித்து வந்தவளும் இருப்பாள். இருவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் உரிமத் தேர்வு. வாங்குவது ஒரே ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமம். மருத்துவமனை சம்பளத் தாளில் அனுபவம், இரவுப் பணி, பிரிவு ஆகியவற்றுக்குக் கட்டம் இருக்கிறது. பி.எஸ்.என். என்ற நான்காண்டு நர்சிங் பட்டத்துக்குச் சில இடங்களில் சிறு கூடுதல் உண்டு. எந்தக் கல்லூரி என்பதற்குக் கட்டமே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. டெக்சாஸ் செவிலியர் வாரியம் மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு நர்சிங் படிப்பின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தையும் ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. அ-வையும் ஆர்லிங்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆ-வுக்கு அந்த மாநில வாரியத்தின் பட்டியலைத் தேடுங்கள். பிறகு கல்லூரியிடம் கேளுங்கள்: மருத்துவமனைப் பயிற்சி எங்கே? எத்தனை மைல்? ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? சிறிய ஊரில் இருக்கும் கல்லூரி என்றால் குழந்தை மருத்துவப் பயிற்சிக்குப் பிள்ளைகள் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து காரோட்டிப் போக வேண்டியிருக்கும். மத்திய மேற்கின் பனியில்.

கணக்கர்75

அக்கா சொன்னது இந்த இழையின் மையம். வணிகவியலோ சட்டமோ என்றால் கல்லூரிப் பெயருக்கும் பழைய மாணவர் வட்டத்துக்கும் சம்பளத்தில் ஓரளவு பங்கு உண்டு. நர்சிங்கில் சம்பளத்தை முடிவு செய்வது உரிமமும் ஊரும்தான். ஆகவே வரவுப் பக்கம் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்று. செலவுப் பக்கம் மட்டும்தான் வேறு.

அ-வின் ஒரே உண்மையான பண மதிப்பு அந்த நேரடி இடம். அதற்கும் விலை போடலாம். ஆர்லிங்டனில் முதல் முறை நர்சிங் இடம் கிடைக்காமல் ஓராண்டு தள்ளிப்போனால், ஓராண்டுச் சம்பளம் போகிறது. 2024இல் நாடு முழுவதும் ஆர்.என். இடைநிலைச் சம்பளம் 93,600. புதியவருக்கு அதைவிடக் குறைவு, 75,000 என்று வைப்போம். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் ஓராண்டு தாமதம் என்றால் அந்த அபாயத்தின் விலை 25,000. கொஞ்சம் தாராளமாக 35,000 என்றே வையுங்கள். அதற்கு நீங்கள் ஆர்லிங்டனைவிடக் கூடுதலாகக் கொடுப்பதோ, விலையேற்றத்துக்கு முன்பே, 1,20,000.

ஆ-வை ஆர்லிங்டனோடு ஒப்பிட்டால் நான்காண்டு வித்தியாசம் 48,000. விலையேற்றம் சேர்த்தால் இன்னும் கூடும். ஆனாலும் அங்கே பேசுவதற்கு இடமிருக்கிறது.

பனிக்காட்டான்

மிச்சிகனிலிருந்து எழுதுகிறேன். கிராண்ட் ராபிட்ஸில் கால்வினில் படித்தவன். எல்லாவற்றையும் உரிமத்தில் கொண்டுபோய் முடிக்கிறீர்கள். பேராசிரியர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். படிப்பை விட்டுவிடும் நிலையில் இருந்தபோது வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார். ஐம்பதாயிரம் பேர் படிக்கும் இடத்தில் என்னை யாருக்குத் தெரிந்திருக்கும்? நான் நான்காண்டில் பட்டம் வாங்கியதே அதனால்தான். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு என்று இழுத்தால் மலிவான கல்லூரியும் மலிவாக இருக்காது. நான்காண்டுப் பட்டமளிப்பு விகிதத்தையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. பக்கத்து ஊரான ஹாலந்தில் ஹோப் கல்லூரி 2021இல் ஹோப் ஃபார்வர்டு என்று ஒரு முயற்சி தொடங்கியது. சிறு குழுவுக்கு முதலில் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. படித்து முடித்தபின் அவர்கள் ஆண்டுதோறும் தங்களால் முடிந்ததைக் கொடுப்பதாக வாக்குக் கொடுக்கிறார்கள். எல்லாக் கிறிஸ்தவக் கல்லூரியும் ஆடித் தள்ளுபடிக் கடை அல்ல.

கணக்கர்75

பட்டமளிப்பு விகிதம் பற்றிய பேச்சு நியாயமானது. கூட்டரசுக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் அது கிடைக்கும். அதே தளத்தில் பழைய மாணவர் சம்பளமும் இருக்கிறது, ஆனால் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்க முடியாது. கூட்டரசு உதவி வாங்கியவர்களின் வருமானம் மட்டும்தான் அதில் வரும். ஊழியத்துக்கும் பள்ளி ஆசிரியர் வேலைக்கும் பலரை அனுப்பும் கல்லூரியின் சராசரி தாழ்ந்துதான் நிற்கும். முழுக் கல்லூரிக்கான எண்ணை விட்டு, நர்சிங் துறைக்கான எண்ணை மட்டும் பாருங்கள். பென்சில்வேனியாவில் உள்ள குரோவ் சிட்டி கூட்டரசுப் பணமே வாங்காது. 1984இல் உச்ச நீதிமன்றம்வரை போன கல்லூரி அது. இப்படிப்பட்டவற்றை இந்த எண்களை வைத்து ஒப்பிடவே வழியில்லை.

இர்விங் அப்பா

எல்லாருக்கும் நன்றி. மாமியார் தரப்பு வாதம் ஒன்று விடுபட்டுவிட்டது. மகள் பின்னால் மனம் மாறி மருத்துவம் படிக்க விரும்பினால் பேய்லர் போன்ற இடத்தில் இருப்பது நல்லது, அவர்களுக்கே மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்கிறார்கள். (அ பேய்லரா என்று கேட்க வேண்டாம்.)

வேலூர் செவிலி

இதை டாலஸில் நான் கேட்காத ஞாயிற்றுக்கிழமையே இல்லை. வேக்கோவில் இருக்கும் பேய்லர் பல்கலைக்கழகம் வேறு, ஹூஸ்டனில் இருக்கும் பேய்லர் மருத்துவக் கல்லூரி வேறு. 1969இலேயே பிரிந்துவிட்டன. இரண்டுக்கும் இடையே சிறிய கூட்டு அனுமதித் திட்டம் ஒன்று உண்டு, அதில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இடங்கள். மற்றபடி வேக்கோவில் படிப்பதால் ஹூஸ்டனில் கதவு தானாகத் திறக்காது. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

நாசரேத்துக்காரன்

ஆ சிறிய கல்லூரி என்கிறீர்கள். எங்கள் உறவில் ஒரு பெண் அப்படி ஒரு சிறிய வேதாகமக் கல்லூரியில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் கல்லூரியையே மூடிவிட்டார்கள். அதை யாரும் பேசவில்லையே.

நிதியுதவி மேசை

ஐயா எழுப்பியது மிக முக்கியமானது. நியூயார்க்கில் தி கிங்ஸ் காலேஜ் 2023 இலையுதிர் பருவ வகுப்புகளை ரத்து செய்தது. அதே ஆண்டில் அலையன்ஸ் பல்கலைக்கழகம், அதாவது பழைய நையாக், மூடப்பட்டது. அலபாமாவில் 1856இல் தொடங்கிய மெதடிஸ்டுக் கல்லூரியான பர்மிங்காம்-சதர்ன் 2024 மே 31 அன்று கதவடைத்தது. பதினெட்டு வயதினரின் எண்ணிக்கை குறைகிறது, தள்ளுபடி கூடுகிறது, சிறிய கல்லூரிகளின் கஜானா தாங்கவில்லை. நர்சிங் மாணவருக்கு இது இரட்டை அடி, ஏனென்றால் பயிற்சி நேரங்களை இன்னொரு கல்லூரி அப்படியே ஏற்றுக்கொள்ளாது.

ஆ-வைப் பற்றி மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கல்வித் துறை வெளியிடும் நிதிப் பொறுப்பு மதிப்பெண். -1 முதல் 3 வரை போகும், 1.5க்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டும். இரண்டு, கல்லூரியின் 990 வரிப் படிவம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தொடர்ந்து சில ஆண்டுகள் பற்றாக்குறையா என்று பாருங்கள். மூன்று, முதலாண்டுச் சேர்க்கை ஐந்தாண்டில் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா. நேரில் போனால் புதுக் கட்டடத்தைக் காட்டுவார்கள். நீங்கள் பழைய விடுதியின் குளியலறையைக் காட்டச் சொல்லுங்கள்.

எச்4 அம்மா

இணையவழியில் கிராண்ட் கேன்யன், லிபர்ட்டி போன்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மலிவாக இருக்கின்றனவே? எங்கள் தெருவில் ஒரு அக்கா வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என். முடித்தார்.

வேலூர் செவிலி

ஏற்கெனவே ஆர்.என். ஆக இருப்பவர் மேல்பட்டம் வாங்க அவை பயன்படும், பலர் செய்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் வரும் விலையை நம்பாமல் முழுப் படிப்புக்குமான தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிராண்ட் கேன்யன் முனைவர் படிப்பின் செலவைக் குறைத்துக் காட்டியதாகக் குற்றம்சாட்டிக் கல்வித் துறை 2023இல் 3.77 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2025 மே மாதம் அதைத் துறையே திரும்பப் பெற்றது. யார் சொன்னது சரி என்ற வழக்கு நமக்கு வேண்டாம், எழுத்தில் வாங்குவது நமக்கு வேண்டும்.

கணக்கர்75

அப்பாவுக்கு ஒரு கேள்வி. அ-வுக்கான 46,000 எங்கிருந்து வரப்போகிறது? சேமிப்பா, கடனா?

இர்விங் அப்பா

529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் 70,000 இருக்கிறது. மிச்சத்துக்குப் பேரன்ட் பிளஸ், அதாவது பெற்றோர் பெயரில் கூட்டரசு தரும் கடன், என்று நினைத்தோம்.

கணக்கர்75

அப்படியென்றால் கணக்கு இங்கேயே முடிகிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகப் பேரன்ட் பிளஸ் வாங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. மகள் தன் பெயரில் நான்காண்டில் 27,000 வரை வாங்கலாம். 70,000, 65,000, 27,000 மூன்றையும் கூட்டினால் 1,62,000. அ-வுக்கு வேண்டியது 2,03,000க்கு மேல். மிச்சம் நாற்பதாயிரத்துக்குத் தனியார் வங்கியிடம் போக வேண்டும்.

இதில் பிளஸ் கடனின் வட்டி 2025-26இல் 8.94 விழுக்காடு. கொடுக்கும்போதே 4 விழுக்காட்டுக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 65,000ஐப் பத்தாண்டில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 820 டாலர், மொத்தம் 98,000. அது உங்கள் பெயரில் இருக்கும் கடன், மகள் பெயரில் அல்ல. மகள் இலாப நோக்கற்ற மருத்துவமனையில் பத்தாண்டு வேலை பார்த்தால் அவள் கடனுக்கு அரசின் தள்ளுபடித் திட்டம் உண்டு. உங்கள் பிளஸ் கடனுக்கு அவள் வேலை கணக்கில் வராது. உங்கள் ஐ.டி. கம்பெனி வேலைக்கும் அந்தச் சலுகை கிடையாது.

ஆர்லிங்டன் என்றால் 529 பணமே பெரும்பங்கைத் தாங்கிவிடும்.

நாசரேத்துக்காரன்

கடன் என்று தெரிந்திருந்தால் நான் முதலிலேயே வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். ஓய்வு காலத்தில் வட்டி கட்டிக்கொண்டு இருக்காதே தம்பி. ஆர்லிங்டனிலும் பாப்டிஸ்டு மாணவர் ஊழியம் இருக்கிறது. பிள்ளை வீட்டில் இருக்கும், ஞாயிறு நம் சபைக்கே வரும். ஆனால் ஆ-வை உடனே கைவிட வேண்டாம். சபைகள் ஒரு மாணவருக்குக் கொடுக்கும் உதவிக்கு ஈடாக அதே தொகையைத் தாங்களும் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. போதகரிடம் பேசிப் பார்.

இர்விங் அப்பா

வீட்டில் பேசினோம். அ இல்லை என்று முடிவாகிவிட்டது. மாமியார் இரண்டு நாளாகப் பேசவில்லை. மகள் இப்போது ஆ-வுக்கும் ஆர்லிங்டனுக்கும் நடுவில் நிற்கிறாள், நேரடி இடத்தை விட மனமில்லை. ஆ-வின் நிதிப் பொறுப்பு மதிப்பெண் 2.6. என்கிளெக்ஸ் தேர்ச்சியும் நன்றாக இருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லி எழுதலாமா? எப்படி எழுதுவது?

நிதியுதவி மேசை

தாராளமாக எழுதலாம், ஏப்ரலில் எங்கள் வேலையே அதைப் படிப்பதுதான். மகளே எழுதட்டும், நீங்கள் நகலில் இருங்கள். அ-வின் கடிதத்தை இணைக்காதீர்கள், அதன் நிகர விலை ஆ-வைவிட அதிகம். ஆர்லிங்டன் செலவைக் காட்டுங்கள். "உதவி போதவில்லை" என்று பொதுவாக எழுதினால் ஆயிரம் டாலரோடு அனுப்பிவிடுவோம். "ஆண்டுக்கு இன்னும் 6,000 கிடைத்தால் அன்றே முன்பணம் கட்டுகிறோம்" என்று எண்ணைச் சொல்லுங்கள். உதவித்தொகை கட்டண உயர்வோடு சேர்ந்து ஏறுமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பலர் கேட்பதில்லை, கேட்டவர்களுக்குச் சில சமயம் எழுதிக் கொடுப்போம். சபை ஈட்டுத்தொகைக்கான படிவம் தனி, அதற்குக் கடைசித் தேதி பெரும்பாலும் மே 1க்கு முன்பே வந்துவிடும். நாளைக்கே போதகரைப் பாருங்கள்.